எண் தெரியாதவளுக்குக் கண் பரிசோதனை

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அம்மா விரித்திருந்த வளையல் கடையில் ஒரு பெண் சிவப்பு வளையல் கேட்டாள். அம்மா பழுப்பு வளையலை எடுத்து அவள் கையில் மாட்டப் போனாள்.

"இன்னாம்மா, இதுவா சிவப்பு? கண்ணு தெரியலயா?"

"வெளிச்சம் கம்மி" என்றாள் அம்மா. அப்போது பகல் பதினொரு மணி.

அம்மா காசநோய்க்கு நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். இருமல் நின்றுவிட்டது. கூட்டம் குறைந்ததும் அவளுடைய வலது கண்ணைப் பொத்தி, சிவப்பு, பழுப்பு, பச்சை மூன்றையும் நீட்டினேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். இடது கண்ணைப் பொத்தியபோது மூன்றையும் சரியாகச் சொன்னாள். நிறம் மாறித் தெரிந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று மாத்திரை கொடுத்தபோதே சொல்லியிருந்தார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்காதே. மாத்திரைய நிறுத்திட்டா மறுபடி இருமல்ல ரத்தமா வரும்."

மறுநாள் அவளை இழுக்காத குறையாக டவுனில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் சரோஜா, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தைப் பிரித்தார்.

"எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதுங்க."

சரோஜா சீட்டில் 'படிக்கத் தெரியாது' என்று எழுதி, "அடுத்தது யாரு?" என்றார். அம்மா சட்டென்று எழுந்தாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பள்ளியில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவேன். இப்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

"எங்கம்மாவுக்கு சிவப்பு தெரியல."

"சத்தமா சொல்லும்மா."

"சிவப்பு தெரியல. இடது கண்ணுல. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கணும்."

"டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் வழி விடுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. முந்தானையை விடவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் அறிவுச்செல்வன் வெளியே வந்தார். நான் சொன்னதையும், அம்மா சாப்பிடும் காசநோய் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுவிட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். அங்கே எண் இல்லை. புள்ளிகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒரு கோடு மட்டும்.

"படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் இது. விரலால அந்தக் கோட்டு மேலயே போங்கம்மா."

இடது கண்ணை மூடியபோது அம்மாவின் விரல் வளைந்து வளைந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. வலது கண்ணை மூடியபோது நேராகப் போய்ப் பக்கத்தைத் தாண்டி மேசையில் நின்றது. அம்மா கண்ணைத் திறந்து, தன் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

டாக்டர் விளக்கைப் பிடித்து இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார். "மாத்திரைல ஒண்ணு கண் நரம்பைக் கெடுக்குது. அத மட்டும் நிறுத்தணும். சீக்கிரம் வந்துட்டீங்க, பார்வை திரும்பறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. மாத்திரை குடுக்கற உங்க டாக்டருக்கு எழுதித் தர்றேன், இன்னைக்கே போய்ப் பாருங்க."

"மறுபடி ரத்தம் வந்தா?"

"மத்த மாத்திரையெல்லாம் இருக்கும்மா. அத விடக்கூடாது."

அம்மா மாத்திரைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். நான் கையை நீட்டினேன்.

"குடும்மா."

"நேத்து வரைக்கும் வாயே இல்லாம இருந்தாளே இவ!" என்றாள் அம்மா டாக்டரிடம்.

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. கடைசியில் பை என் கைக்கு வந்தது. நிறுத்தச் சொல்லி டாக்டர் காட்டிய மாத்திரை அட்டைகளை மட்டும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"வீட்ல இன்னும் ரெண்டு அட்டை இருக்கு சார். நாளைக்குக் கொண்டாந்து குடுக்கறேன்."

"வீட்ல ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா.

"இருக்கும்மா. அரிசி டப்பாவுல."