நேரில் சமுகமளிக்க வேண்டும்

படிக்கட்டின் முதற்படியில் உட்கார்ந்து ஹபீலா தன் ஊனக் காலைத் தாங்கும் இரும்புச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தொடையில் ஒரு தோல்வார், முழங்காலுக்குக் கீழே ஒன்று, கணுக்காலில் ஒன்று. மழைக்காலத்தில் தோல் ஊறிவிட்டால் கொளுக்கி லேசில் விடாது, நகத்தால் நெம்ப வேண்டும். கமலாசனி குடையை விரித்துத் தோழிக்கு மறைப்பாகப் பிடித்தபடி, மேலே போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டு நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து விடுதியில் இருக்கிறவள். முறைப்பதற்கு அவளுக்குத் தனியாகக் காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

மூன்றாம் மாடியில் பல்கலைக்கழகத்தின் சலுகைக் குழு கூடியிருந்தது. வகுப்புக்கு ஒழுங்காக வர முடியாத, கட்டுரையை நேரத்துக்குக் கொடுக்க முடியாத மாணவர்களுக்கு விலக்கு அளிப்பதற்காக ஏற்பட்ட குழு அது. காலில்லாதவர்களும் கண்ணில்லாதவர்களும் நாடி வரும் ஒரு குழுவை மின்தூக்கி இல்லாத கட்டிடத்தின் உச்சியில் வைக்கலாம் என்று யோசித்தவர் யாரென்று தெரியவில்லை. யாருமே யோசிக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். அறிவித்தலில் மட்டும் தெளிவாகப் போட்டிருந்தார்கள்: விண்ணப்பதாரி உரிய சான்றுகளுடன் நேரில் சமுகமளிக்க வேண்டும்.

போன தவணை ஹபீலா சமுகமளித்தாள். கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை இரும்போடு சேர்த்து இழுத்து, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, முக்காடு வியர்வையில் நனைய மேலே போய்ச் சேர்ந்தாள். குழுத் தலைவர் பேராசிரியர் யோகேந்திரன் எழுந்து தன் கையாலேயே கதிரை எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மிகவும் அன்பாக, "பிள்ளை, நீர் இவ்வளவு படியும் ஏறி வந்திட்டீர்தானே. பிறகென்ன, எட்டு மணி வகுப்புக்கு வாறதுக்கு?" என்றார். மற்றவர்களும் அன்பாகவே தலையாட்டினார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

"ஏறினா உனக்கு ஒண்டுமில்லை எண்டுவினம். ஏறாட்டி நீ வரேல்லை எண்டுவினம்," என்றாள் அன்று கமலாசனி. "நீ பாதிப் படியிலை குந்தியிருக்க வேணும். அப்பத்தான் சரி."

எட்டு மணி வகுப்போடு ஹபீலாவுக்கு ஒரு விரோதமும் இல்லை. மடவளையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே அவள் வந்துவிடுவாள். ஆனால் அந்த வருடம் தை மாதம் கண்டியில் குண்டு வெடித்த பிறகு வளாக வாசலில் ஆமிக்காரர்கள் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். இரும்பு எதுவானாலும் கழற்றிக் காட்ட வேண்டும் என்பது கட்டளை. அங்கிருந்த சார்ஜன், வயிறு பெருத்த, சாதுவான மனிதர். அவளை முதல்நாள் கழற்றச் சொன்னார். மறுநாளும் சொன்னார். மூன்று மாதம் கழிந்தும், அவளைத் தங்கச்சியாக்கி, "நங்கி, ஓடர்," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். தெரிந்த முகம் என்பதற்கு அந்தக் கட்டளையில் இடமில்லை. கழற்றிக் காட்டி மறுபடி மாட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது விரிவுரை மண்டபத்தின் கதவு சாத்தியிருக்கும். கட்டுரை போடும் பெட்டியும் மேல்மாடியில்தான். அதையும் ஒன்பது மணிக்கு எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.

வரவு போதவில்லை, கட்டுரைகளுக்குப் பூச்சியம். இந்தமுறையும் சலுகை கிடைக்காவிட்டால் இறுதிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் வாப்பா தன் பலசரக்குக் கடையில் அவளுக்கென்று ஒரு முக்காலியைப் போட்டுவிடுவார். உண்மையில் போட்டே விட்டார், மெத்தைகூடத் தைத்தாகிவிட்டது. அந்த மெத்தையை நினைத்தாலே ஹபீலாவுக்கு அழுகை வந்தது. அவளுக்கு டீச்சராக வேண்டும். மாடி இல்லாத பள்ளிக்கூடமாகப் பார்த்து மாற்றல் வாங்குவது எப்படி என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

சப்பாத்து கையோடு வந்தது. "இந்தமுற நான் ஏறமாட்டேன். சான்று கொண்டாங்கன்டு சொல்லீக்கிறாங்க. சான்று மட்டும் போகட்டும்," என்றாள் ஹபீலா.

இரும்பைச் சும்மா கொடுத்தனுப்ப அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடைக்காரர் மகள். பொருள் எதுவானாலும் பொதிந்து கட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவள். பையில் எப்போதும் கிடக்கும் பழுப்புத் தாளை விரித்து, சப்பாத்தை மடித்துச் சுற்றி, வாப்பா கட்டுவதுபோல் சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, மேலே தூக்குவதற்கு ஒரு காது வைத்து முடிந்தாள். நீளக் கம்பிகளின் நுனி மட்டும் ஒரு பக்கம் வெளியே எட்டிப் பார்த்தது. மேலே கொட்டை எழுத்தில், "பேராசிரியர் யோகேந்திரன் அவர்களுக்கு" என்று மரியாதையாக எழுதினாள்.

பியோன் வீரையா அதை வாங்கிக்கொண்டார். "நான் பார்த்துக் குடுத்துர்றேன் பாப்பா. நீங்க கவலப்படாம இருங்க," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

சொன்னபடியே செய்தார், தன் வழக்கப்படி. கூட்டம் நடக்கும்போது பியோன் உள்ளே நுழையக் கூடாது. வருகிற சாமான்களைக் கதவுக்கு வெளியே உள்ள கதிரையில் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் நேரத்தில் தட்டோடு சேர்த்து உள்ளே கொண்டுபோவதுதான் இருபது வருடப் பழக்கம். பொதியைக் கதிரையில் வைத்தார். கீழே விழுந்துவிடாதபடி கதவோடு சேர்த்துச் சாய்த்தும் வைத்தார். பிறகு தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

குழு உறுப்பினர் கலாநிதி பத்மாதேவி அன்றும் பிந்தித்தான் வந்தார். மாணவர்களின் நேரந்தவறாமையைப் பற்றி விவாதிக்கும் குழுவுக்கு அவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. மேலே ஏறியவர் கதவருகே பொதியைக் கண்டார். கயிறு, கம்பி, தலைவருடைய பெயர். உள்ளே எட்டிப் பார்த்து, "சேர், உங்கட பேர் போட்டு ஒரு பார்சல். கம்பியெல்லாம் தெரியுது," என்றுதான் சொன்னாராம். மேசையைச் சுற்றி எல்லோருடைய முகமும் வெளுத்துப்போனதாகவும், தலைவர் தான் பூச்சியம் போட்ட பிள்ளைகளின் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்ததாகவும் வீரையா பிற்பாடு சொன்னார். அவர் அந்நேரம் பின்னறையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவர். ஆகையால் அதை முழுவதாக நம்ப வேண்டியதில்லை.

கீழே இருந்த ஹபீலாவுக்கு முதலில் கேட்டது படிகளில் செருப்புச் சத்தம். மூட்டுவாதம் என்று சொல்லிச் சாய்வு நாற்காலி வாங்கிக்கொண்ட ஒரு பேராசிரியர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். பத்மாதேவி சேலையை வரிந்து பிடித்துக்கொண்டு வந்தார். லிகிதர்கள், தட்டெழுத்தாளர்கள் எல்லோரும் அவளைத் தாண்டி முற்றத்துக்கு ஓடினார்கள். "ஓடு பிள்ளை! குண்டு! ஓடு!" என்று ஒவ்வொருவரும் கத்திக்கொண்டே போனார்கள்.

கடைசியாக யோகேந்திரன் வந்தார். அவரும் தாண்டித்தான் போனார். முற்றத்தில் கால் வைத்த பிறகு திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் படியில் இருப்பதைக் கண்டதும் மறுபடி ஓடி வந்தார்.

"என்னம்மா இருக்கிறீர்? ஓடும்!"

"ஓட ஏலா சேர்," என்றாள் ஹபீலா. "கால் மேல ஈக்குது."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. படியடியில் கிடந்த வீரையாவின் பழைய முக்காலியை இழுத்து அதில் அவளை உட்காரவைத்து, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் கமலாசனியுமாகத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அவருடைய கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டிருந்தது. தன்னந்தனியாகத் தப்பியிருக்கக்கூடிய மனிதர் தனக்காகத் திரும்பி வந்தார் என்பது ஹபீலாவின் நெஞ்சைத் தொட்டது. அந்த நிமிடத்தில் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் பக்கத்தில் யாரோ "கம்பி", "சணல் கயிறு" என்பது காதில் விழுந்தது. தன் பொதியைத்தான் சொல்கிறார்கள் என்று ஹபீலாவுக்கு விளங்கியது. குண்டுப் பீதி கிளப்பினாள் என்று சொல்லிவிட்டால் பரீட்சை கிடக்கட்டும், வெலிக்கடைச் சிறைதான். அதற்கு முன்பாக, யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடு பக்கத்தில் நிற்கும் கமலாசனியைத்தான் கொண்டுபோவார்கள். இதைவிடச் சின்ன விஷயங்களுக்குப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. கமலாசனிக்கும் விளங்கிவிட்டது. அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வாசலிலிருந்து ஆமிக்காரர்கள் ஓடி வருவது தெரிந்தது.

"சேர்," என்றாள் ஹபீலா. "அது குண்டு இல்ல. என்ட சப்பாத்து. நான்தான் அனுப்பினேன், சான்றுக்கு. இவளுக்கு ஒன்டும் தெரியாது."

யோகேந்திரன் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பாவாடை ஓரத்தைப் பார்த்தார். அதற்குள் வயிறு குலுங்க வந்து சேர்ந்த சார்ஜனிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று.

சார்ஜன் துப்பாக்கியை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகப் படியேறினார். சிறிது நேரத்தில் பொதியைக் கக்கத்தில் இடுக்கியபடி, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி வாங்கி இறங்கி வந்தார். "இது நங்கியின் கால்," என்று எல்லோருக்கும் கேட்கச் சிங்களத்தில் சொன்னார். "தினமும் நான் கழற்றச் சொல்கிற கால். எனக்குத் தெரியாதா?" பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "எனக்கு மேலிடத்து ஓடர், மாற்ற முடியாது. நீங்கள் படித்தவர்கள். இந்தப் பிள்ளையை ஏன், மாத்தயா, எட்டு மணிக்கே வரச் சொல்கிறீர்கள்?"

பேராசிரியர் யோகேந்திரன் கையை நீட்டிப் பொதியை வாங்கிக்கொண்டார். கட்டிடம் முழுவதையும் சோதித்து முடிக்கும்வரை யாரும் மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு சார்ஜன் போனார். போகச் சொன்னாலும் யாரும் ஏறியிருக்கமாட்டார்கள்.

"குழு இங்கயே கூடலாம்," என்றார் யோகேந்திரன். பழக்கதோஷத்தில், "விண்ணப்பதாரி வந்திருக்கிறாரோ?" என்றும் கேட்டுவிட்டார்.

"வந்தீக்கிறேன் சேர்," என்றாள் ஹபீலா முக்காலியில் இருந்தபடி.

"ஓம்... ஓம். முதல்ல அந்தச் சப்பாத்தைப் போடும், பிள்ளை."

பொதி அவர் கையில்தான் இருந்தது. தூறலில் சணல் ஊறி, வாப்பாவின் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கண்ணாடியில்லாமல் முகத்தருகே பிடித்து நகத்தால் நெம்பினார். பத்மாதேவி ஒரு நுனியை இழுத்துப் பார்த்தார். வாதக்காரப் பேராசிரியர் பல்லால் கடிக்கலாமா என்று கேட்டார். வீரையா எங்கிருந்தோ தட்டோடு வந்து, எல்லோருக்கும் ஆறிப்போன தேத்தண்ணீரை நீட்டினார். வெட்டிவிடலாம் என்று ஒரு ஆமிப் பையன் கத்தியை எடுக்க, கயிறு நல்ல கயிறு, திரும்பக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஹபீலா மறுத்துவிட்டாள்.

"ஆறுதலா அவிழுங்க சேர்," என்றாள். "அவசரமில்ல."

மலையிலிருந்து இறங்கிய மூடுபனி வாசல் சாவடியை மறைத்துவிட்டிருந்தது. கமலாசனியின் குடையின் கீழே, நரைத்த தலைகள் எல்லாம் முட்டிக்கொண்டு அந்த முடிச்சின்மேல் குனிந்திருந்தன. யோகேந்திரன் ஒரு நுனியைக் கண்டுபிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது.