கொல்லைப் புற்றின் ஈஸ்ட்டுகள்

1

என் மாமியார் தோனா ஜூரேமா எறும்பு மருந்து வாங்கி வந்ததால்தான் இந்தக் கதை. வேறு பெரிய காரணம் இல்லை.

முதல் தொடக்கம்: இலைவெட்டி எறும்புகள் ஆரஞ்சு மரத்தை மொட்டையடித்த காலையில், என் மனைவி லுசீமாரா

(விட்டுவிட்டேன். அவளை வைத்துத் தொடங்கும் வாக்கியங்கள் முடிவதில்லை.)

2

இரண்டாம் தொடக்கம். இந்த எறும்புகள் வெட்டிய இலையில் பூஞ்சை வளர்த்து உண்கின்றன. அந்தப் பூஞ்சைத் தோட்டத்தில் யாரும் அழைக்காத ஈஸ்ட் நுண்ணுயிர்களும் குடியிருக்கின்றன. உதவுகின்றனவா, சும்மா ஒண்டியிருக்கின்றனவா? எங்கள் கொல்லைப் புற்றில் லுசீமாரா ஆராய்ந்துகொண்டிருந்தது அதைத்தான். மார்ச்சில் இறந்துபோனாள்.

(மாமியார் வீட்டில் நான் இன்னும் இருப்பதைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.*)

* மிகையான உவமை. அடித்து நீக்க மனம் வரவில்லை.

3

"மரம் பட்டுப்போவுது மவனே. இன்னைக்கே மருந்து வெச்சிரு."

"அவ ஈஸ்ட்டும் செத்துடும், தோனா ஜூரேமா."

"மரமும் அவ நட்டதுதான். கண்ணுக்குத் தெரியாததுக்கு அழுவுற, தட்டுல இருக்கிற பீன்ஸைப் பாக்க மாட்டேங்குற."

இந்தப் பரைபா பள்ளத்தாக்கில் யாரும் மறுக்காத ஒன்றைச் சொன்னேன்:

"மருந்து வெச்சா இசா திங்க முடியாதே?"

இசா என்றால் அக்டோபர் மழைக்குப் பின் பறந்து வெளியேறும் ராணி எறும்புகள். பன்றிக் கொழுப்பில் வறுத்து, மரவள்ளி மாவில் புரட்டுவோம்.

மாமியார் மருந்துப் பொட்டலத்தைப் பரணில் வைத்தார். "மழை வரைக்கும்தான்."

4

நேற்று மழை. இன்று புழுக்கம். புற்று முழுக்க இறக்கைகள். மாமியார் ரப்பர் பூட்ஸோடு இறங்கி, வாளியில் அள்ளினார். கடித்ததையெல்லாம் பேர் வைத்துத் திட்டினார். ஒன்றை மட்டும் உள்ளங்கையில் நிறுத்தினார்.

"இது மேலயும் இருக்குமா, அவளோடது?"

"இருக்கலாம். புதுப் புத்துக்கு ஒட்டிக்கிட்டே போகும்னு சொல்வா."

"அப்போ போய்த் தொலை, கழுதை!" உயரே வீசினார். கொஞ்ச நேரம் அண்ணாந்தே நின்றார். "வா. மத்ததை வறுக்கிறேன். இன்னைக்காவது ஒழுங்கா தின்னு."

5

முடிவு ஒன்று: அதைக் குருவி கொத்திவிட்டது. (நடக்கக்கூடியது. எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: அது பக்கத்து வீட்டு ரோஜாத் தோட்டத்தில் புற்று வைத்தது. சண்டைக்கு வந்தவரிடம் மாமியார்

(ஆசைதான்.)

முடிவு மூன்று என்னிடம் இல்லை. மருந்துப் பொட்டலம் பரணிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. மரமா, புற்றா? நீங்கள் சொல்லுங்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமியார் கேட்க மாட்டார். இரண்டாம் தட்டு வாங்கியிருக்கிறேன். மெதுவாகத்தான் மெல்லுகிறேன்.