காபிப்பொடி மணம்

விமானத்தின் பின்கதவிலேயே பதினோரு வருடம் நின்றவள் பெரியவள். முன்கதவும் தலைமைப் பணிப்பெண் பதவியும் போனதோ, அவளே வேலை கற்றுக்கொடுத்த சின்னவளுக்கு. பதவி வந்த பிறகும் சின்னவள் “அக்கா, அக்கா” என்றே கூப்பிட்டாள். அந்த “அக்கா”தான் பெரியவளுக்கு அதிக வயிற்றெரிச்சல்.

அன்று விமானம் மேலே ஏறும்போதே ஈரக் காலுறை நாற்றம். எஞ்சின் எண்ணெய் கசிந்து உள்ளே வரும் காற்றில் கலந்தால் இப்படித்தான் நாறும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் கழிவறை நாற்றத்துக்குக் காபிப்பொடி வைத்து வைத்துப் பழகிய கை பெரியவளுடையது. யோசிக்காமல் மூன்று பொட்டலங்களைப் பிரித்து வைத்தது. இருபத்தெட்டாம் வரிசையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது.

இறங்கும் முன் சின்னவள் ஒலிபெருக்கியில் பேசினாள். “இன்னும் சிறிது நேரத்தில் நாம்...” இறங்கப்போகும் ஊரின் பெயர் வரவில்லை. மறுபடி தொடங்கினாள்; நாக்கு குழறியது. பயணிகள் சிரித்தார்கள். பெரியவளுக்குத் தலை கனத்தது. ஆனாலும் மனசு குளிர்ந்தது.

தரையில், பணியாளர் அறையில் மேலாளர் காத்திருந்தார்.

“ஊதச் சொல்லிப் பாத்தாச்சு, அவங்க குடிக்கலை. அப்போ இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னுதானே அர்த்தம்?”

“உள்ளே ஏதாவது நாத்தம்...” என்று இழுத்தாள் பெரியவள்.

“மெக்கானிக் மோந்து பாத்துட்டார். காபிக்கடை மாதிரி மணக்குதாம்.” படிவத்தை நீட்டினார். “அவங்க உளறினதை மட்டும் எழுதுங்க. நாளைக்கே முன்கதவு உங்களுக்கு.”

மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்தாள். “முன்கதவுல நீங்க நின்னிருந்தா இப்படி ஆகியிருக்காதுக்கா.”

எத்தனை வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை! இப்போது கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

“வாயை மூடுடி.”

படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். எழுதினாள். ‘புறப்பட்டதுமே ஈரக் காலுறை நாற்றம் அடித்தது. காபிப்பொடி வைத்து அதை மறைத்தது நான்.’

மேலாளர் படித்தார். “யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“யோசிக்காம செஞ்சது காபிப்பொடிதான் சார். விமானத்தை நிறுத்துங்க. பயணிங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, முதல்ல அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட.”

இருவரையும் மருத்துவமனைக்கு ஏற்றிப்போக வண்டி வந்தது. ஓட்டுநர் சின்னவளின் சட்டையிலிருந்த பதவிப் பட்டையைப் பார்த்தார்.

“தலைமை மேடம், நீங்க முன்னாடி உக்காருங்க.”

பெரியவள் பின்கதவைத் திறந்து ஏறி, வண்டியே அதிரும்படி அறைந்து சாத்தினாள்.