புதூர்நாட்டுக் கோட்டை வாசல்

கண்ணாயிரம் சந்தவாசலிலிருந்து மலையேறி வந்து அன்றோடு நான்கு நாள். முப்பது வருஷமாகப் பந்தல் சுமந்த தோள், இரண்டு நாளாகக் கையைத் தலைக்கு மேலே தூக்க விடவில்லை.

புதூர்நாட்டுக் கோடைவிழாக் கண்காட்சிக்கு அவர் கட்டியது கோட்டை வாசல் மாதிரி ஒரு முகப்பு. சவுக்குக் கம்பு, பிளைவுட், மேலே சிவப்புத் துணி. ரோட்டின் இரு பக்கமும் கோபுரம். நடு வளைவை அன்று காலைதான் தூக்கிக் கட்டினார்கள். உச்சியில் தேசியக் கொடி, கீழே தெர்மாகோலில் 'எங்கள் மலை, எங்கள் பெருமை'. கடைசி எழுத்தை ஒட்டிவிட்டு டீ கிளாஸை வாங்கும்போது, திருப்பத்தூர் போகிற பஸ் வளைவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

முகப்புக்குப் படம் வரைந்து அனுப்பியவர்கள் பஸ்ஸின் உயரத்தைப் பார்த்திருந்தார்கள். அதன் கூரைமேல் ஏறும் பலாப்பழத்தைப் பார்க்கவில்லை.

பழம் செல்லியுடையது. மார்க்கெட்டுக்குப் போகிறவள். இறங்கி வந்து அண்ணாந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எங்க மலைன்னு எயுதி வெச்சிகினு எங்களையே போவ வுட மாட்டியாண்ணா?"

கண்ணாயிரத்துக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். விழாப் பொறுப்பாளருக்குப் போன் போட்டார்.

"சாயந்தரம் ஐயா வர்ற வரைக்கும் அதுல கை வெக்காதீங்க. பழத்த எறக்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இறக்கினார்கள். பஸ் வளைவைத் தாண்டி நின்றது. மறுபடி ஏற்றினார்கள். கண்ணாயிரமும் ஒரு பழத்தைத் தூக்கப்போய், தோள் பிடித்துக்கொள்ள, கீழே வைத்தார். செல்லி அதை எடுத்துக்கொண்டாள்.

"மத்தியானம் இன்னொரு பஸ்ஸு வரும். அதுலயும் பழந்தான்" என்றாள், ஏறும்போது.

அவர் ஆறிப்போன டீயைக் குடித்தார். ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு கையாலேயே முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

"இன்னாண்ணே, வாணான்னாங்களே?" என்றான் கூட வேலை செய்யும் சின்னராசு.

"நடுவ மட்டும் எறக்கிடலாம். புடிப்பா."

கொடியை மட்டும் வலப்பக்கக் கோபுரத்தில் உயர்த்திக் கட்டினார்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். தனித்தனியாக நின்ற கோபுரங்களைப் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணும் இல்லையா?"

பொறுப்பாளரின் முகம் வெளுத்தது.

"பஸ்ஸு போவணுங்க" என்றார் கண்ணாயிரம்.

அதிகாரி தலையாட்டினார். ஒரு கோபுரத்தருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பொறுப்பாளர் முறைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். கண்ணாயிரம் சாமான் ஏற்றி வந்த லாரி ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்தார். மூன்று நாள் கழித்து, விழா முடிந்ததும், மிச்சத்தையும் அவர்தான் பிரிக்க வேண்டும். நடுப்பகுதியை இன்றே பிரித்தாயிற்று. அந்த மட்டுக்கும் சரி.