பாவாயிக்கு இரத்தம் ஏறிய நாள்

இளங்கோ போர்வெல் லாரியில் ஏறிப் போன மறுநாள் சாயங்காலம், மலைமேல் குண்டூர் நாட்டில் அவன் அம்மா பாவாயியின் உடம்பு வெளிச்சம் விட ஆரம்பித்தது. முதலில் கழுத்துப் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. ஆடி பிறப்பதற்குள் மேலெல்லாம் பரவிவிட்டது. ஊரார் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அந்த வெளிச்சத்தில் குச்சிக்கிழங்கை மூட்டை பிடித்தார்கள், கோழிகள் அடைய மாட்டேன் என்கின்றன என்று சலித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். புருஷன் செத்தபின் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அம்மாவோடு சண்டை போட்டு, களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவன் அவன். வடக்கே எங்கே போர் போடுகிறானோ, ஒரு போன்கூட வரவில்லை.

கீழேயிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் ரோஸ்லின் அவள் இரத்தத்தைச் சோதித்தாள். இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. ரோஸ்லினின் கணவர் ஸ்டீபன், பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், ஒருநாள் முப்பட்டைக் கண்ணாடியோடு வந்து, பாவாயியின் வெளிச்சத்தை அதன் வழியே சுண்ணாம்புச் சுவரில் விழவைத்தார். வானவில் விரிந்தது. அதில் இரும்புக்குரிய கறுப்புக் கோடுகள் மெலிந்து கிடந்தன. சில நட்சத்திரங்களும் இப்படித்தான் என்றார். அவற்றில் இருக்க வேண்டிய இரும்பு, சுற்றிவரும் பாறைக் கோள்களுக்குள் போயிருக்கும்.

"அப்ப எம்பட இரும்பு எம் பையங்கிட்டயா சாமி இருக்குது?"

அதோடு வாத்தியார் நிறுத்தியிருக்கலாம். எந்த வாத்தியார் நிறுத்தினார்? கோள் நட்சத்திரத்துக்குள்ளேயே விழுந்து கரைந்தால், போன இரும்பு திரும்பிவிடும் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் பாவாயி மாத்திரையைத் தொடவில்லை. மிளகுக்கொடியின் தூரில் குழி பறித்துப் புதைத்தாள். அந்தக் கொடியில் மிளகு ஈயக்குண்டாகக் கனத்தது. களியை விட்டாள், முருங்கைக்கீரையை விட்டாள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், கண் இருட்டும். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. பிள்ளை எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறான். மாதாமாதம் ரோஸ்லின் திட்டுவதைக் கேட்டுச் சிரித்தபடி வீடு திரும்பினாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

ஒரு தை மாதக் காலையில் இரண்டு குடம் தண்ணீரோடு மேடேறினாள். மூச்சு வாங்கவே இல்லை. உள்ளங்கையைப் பார்த்தாள், சிவந்திருந்தது. குடங்களை அங்கேயே போட்டுவிட்டுத் துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினாள்.

"அக்கா, ரத்தம் நல்லா ஏறிடுச்சுக்கா!" ரோஸ்லினுக்கு வாயெல்லாம் பல்.

"இல்லீன்னு சொல்லு கண்ணு. இன்னொருக்கா பாரு."

அடுத்த விரலை நீட்டினாள். அதற்கடுத்த விரலையும் நீட்டினாள். பத்து விரலும் ஒன்றையே சொன்னது. ரோஸ்லினுக்கு அப்போதுதான் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வாசலில் இழவுப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் லாரி முதலாளியிடமிருந்து பக்கத்து வீட்டு மாணிக்கத்துக்குப் போன் வந்தது. வண்டி ஆற்றில் கவிழ்ந்துவிட்டதாம். பையனின் உடம்பு கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"தேட வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் பாவாயி. "ஊடு வந்து சேந்துட்டான்."

மாணிக்கம் அதை அப்படியே போனில் சொன்னார். பந்தலுக்கு யாரும் விளக்குக் கட்டவில்லை. தேவைப்படவில்லை.