நீள நாக்கு வெஷ்ச்சா

இன்று ராத்திரி முதல் உறைபனி விழும் என்று வானொலி சொல்லிவிட்டது. விடிந்தால் வேலியோரத்து வெள்ளைப் புகையிலைப் பூக்கள் அத்தனையும் கருகிப்போகும். பூ போனால் பூச்சியும் போச்சு, இனி அடுத்த வருஷம்தான். மிலோய்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அந்தப் பெரிய அந்துப்பூச்சி பூவில் உட்காராது. காற்றில் நின்றபடியே, உடம்பைவிட நீளமான நாக்கைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கும். கோடை முழுக்க அவள் கேமராவில் விழுந்ததெல்லாம் இறக்கையும் இருட்டும்தான். பாழாய்ப்போன அந்த நாக்கு மட்டும் விழவே இல்லை.

அந்த ஊரில் அந்துப்பூச்சிக்கும் சூனியக்காரிக்கும் ஒரே பேர்: வெஷ்ச்சா. அப்படிப் பேர் வைத்த புண்ணியவானுக்குப் பக்கத்து வீட்டு ஃபானியைத் தெரியாது; தெரிந்திருந்தால் பூச்சிக்கு வேறு பேர் தேடியிருப்பான். எல்லை தாண்டிய பிளம் கிளை ஒன்றால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. இருட்டிய பிறகும் ஃபானி டார்ச்சும் கையுமாக வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மிலோய்கா அதைக் கவனிக்கவில்லை.

பூக்கள் மணக்கத் தொடங்கின. விர்ரென்று ஒரு சத்தம்.

"வின்கோ! வெஷ்ச்சா வந்துட்டா!" என்று புருஷனிடம் கத்தினாள். "பிளாஷைத் தூக்கிப் பிடி! அய்யோ, என்னா தடி பாரேன்! நாக்கு எவ்ளோ நீளம்!"

"யாருடி வெஷ்ச்சா? யாருக்குடி நாக்கு நீளம்?"

வேலிக்கு மேலே ஃபானியின் தலை எழும்பியது. டார்ச் வெளிச்சம் பூக்கள்மேல் பாய்ந்தது.

"ஃபானி அக்கா, பேசாத! அசையாத!"

"என் வேலியில நிக்கிறேன், என்னையே பேசாதங்கிறியா?"

மிலோய்கா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கேமரா படபடவென்று அடித்தது. பூச்சி போய்விட்டது. அழுகை முட்டிக்கொண்டு வர, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இறக்கை. இருட்டு. மறுபடி இறக்கை. அப்புறம் அது வந்தது. பின்னாலிருந்து அடித்த டார்ச்சில் நாக்கு மெல்லிய கம்பியாக முழுசும் மின்னியது, நுனி பூவுக்குள்ளே!

சந்தோஷம் தாங்காமல் குதித்தாள். வேலிக்கு மேலாக எட்டி ஃபானியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று திமிறிய ஃபானி படத்தைப் பார்த்தாள். பூச்சிக்குப் பின்னால் அவளேதான், வாயை ஆவென்று திறந்தபடி.

"அப்ப நீ வெஷ்ச்சான்னு சொன்னது..."

"பூச்சியைத்தான் அக்கா, சத்தியமா!"

"படத்துல ரெண்டு இருக்கே," என்றான் வின்கோ. அவன் முதுகில் ஒரு பிளம் பழம் வந்து விழுந்தது.

பூப்பக்கம் மறுபடி விர்ரென்றது. ஃபானி டார்ச்சை உயர்த்திப் பிடித்தாள்.

"எடுடி, சீக்கிரம். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கிறேன்."