சோறு போட்டுச் சாப்பிடலாம்

படகுத்துறையில் அவருக்குத் தம்பட்டம் என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் தம்பட்டத்தார் என்பார்கள். தன் படகில் வந்த மீன் ஒன்று, பிடித்த மூன்றாம் நாள் கரையில் இறக்கும்போது, ஐஸ் குளிர் தாங்காமல் இரண்டு முறை தும்மியது என்று ஒரு தடவை சொன்னார். ஒரு தும்மல் என்றால் நம்பியிருப்பேன் என்றார் கேட்டவர்களில் ஒருவர். தம்பட்டத்தார் கொஞ்சம் யோசித்து, இரண்டாவது இருமலாகவும் இருந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார். அந்த அளவுக்கு நியாயமான மனிதர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு படிவத்தால் கண்டம் வந்தது.

சிறு படகுகளின் மீன் அறை சுத்தமாக இருக்கிறதா, ஐஸ் உருகுகிற தண்ணீர் தேங்காமல் வடிகிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்கப் புதிதாக ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். சான்று இல்லாத படகு ஒன்றாம் தேதியிலிருந்து கடலுக்குப் போகக் கூடாது. தேறாதவர்கள் மறுபடி சோதனைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் கரையில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் வருகிற கஷ்டம் தம்பட்டத்தாருக்கும் வரும். அதோடு அவருக்கென்று தனியாக ஒரு கஷ்டமும் இருந்தது. அளப்பதற்குக் கடல் இருக்காது.

படிவத்தில் இரண்டே கேள்வி. மீன் அறை எவ்வளவு சுத்தம்? தண்ணீர் எப்படி வடிகிறது? கீழே புள்ளி வைத்து மூன்று வரி. அலுவலக சன்னல் ஓரம் நின்று தம்பட்டத்தார் சொல்லச் சொல்ல, அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, எழுதிக் கொடுத்தான். படகைக் கழுவுவதும் பம்பு போடுவதும் அவன் வேலைதான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மூளையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறவன்.

அதிகாரி அம்மா எப்படிப்பட்டவர் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. முதல் சோதனை பக்கத்துப் படகில். அது மொட்டையண்ணனுடையது. உருவத்தில் அவர் இரண்டு ஆள். தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. "தரை பளபளன்னு இருக்கும், முகம் பாத்துத் தலை வாரலாம்" என்று படிவத்தில் எழுதியிருந்தார். அம்மா மீன் அறைக்குள் இறங்கி, கைப்பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து நீட்டினார்.

"வாருங்க."

"எதை மேடம்?"

"தலையை. நீங்கதானே எழுதியிருக்கீங்க."

மொட்டையண்ணன் சீப்பை வாங்கி நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். சிவப்பாக நாலு கோடு விழுந்ததுதான் மிச்சம். அம்மா "நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதினார். சீப்பைத் துடைக்க வேண்டிய அவசியம் இல்லாததால் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த படகுக்காரர், "எங்க அறையோட சுத்தத்தைச் சொல்லி மாளாது" என்று எழுதியிருந்தார். அவருக்கு, "கூற்று எதுவும் இல்லை."

விஷயம் காதுக்கு வந்ததும் தம்பட்டத்தார் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து மச்சினனைப் பிடித்து, நம் படிவத்தில் என்ன எழுதினோம் என்று கேட்டார். அவன் கை கட்டி நின்று ஒப்பித்தான். முதல் கேள்விக்கு, "சோறு போட்டுச் சாப்பிடலாம்." இரண்டாவதற்கு, "ஒரு சொட்டு நிக்காது."

"மூணு வரி இருந்துச்சே. மூணாவதுல என்னடா எழுதின?"

"நீங்க சொன்னதைத்தான் மாமா. 'என்னடா முழிக்கிற, எழுது'ன்னு."

அடுப்படியில் இருந்த மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். சோறு போட்டுச் சாப்பிடுகிற மாதிரியா இருக்கிறது அந்த அறை என்று கேட்டாள். துறைமுகத்துப் பூனைகள் எல்லாப் படகிலும் ஏறும். தம்பட்டத்தார் படகு வந்தால் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி போகும்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க," என்றாள் அவள். "தவளையைத்தான் கட்டியிருக்கோம்னு தெரியும். ஊரையே கூட்டுற தவளைன்னு தெரியாமப் போச்சு."

சோதனை வியாழக்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மச்சினன் அறைக்குள் இறங்கிவிட்டான். அடிப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே கொடுத்தான். அடியில் வழவழவென்று ஒரு சதை மாதிரி அழுக்கு; அதன் மேல் பெயின்ட் அடித்த மாதிரி செதில். சுரண்டியால் சுரண்டி, சோப்புத்தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். புதன்கிழமை மத்தியானம்தான் அறையின் நிறம் நீலம் என்று தெரியவந்தது. பதினோரு வருஷமாகப் பழுப்பு என்றே நினைத்திருந்தார்கள். பதிவுப் புத்தகத்திலும் பழுப்பு என்றுதான் இருந்தது.

அறையின் பின் மூலையில் தண்ணீர் வடிகிற ஓட்டை. ஐஸ் உருகிய தண்ணீர், மீன் ரத்தம் எல்லாம் தரைச் சரிவில் ஓடிவந்து அதன் வழியாக ஒரு குழிக்குள் விழும். அங்கிருந்து பம்பு கடலுக்குத் தள்ளும். ஓட்டைக்குள் செதிலும் சேறும் அடைத்து, பழைய செருப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. மச்சினன் நெம்பி எடுத்துக் கழுவினான். செருப்பு மாதிரி இல்லை, செருப்பேதான். ஒரு சுறா காலைக் கவ்வ வந்து ஏமாந்து செருப்போடு போனதாக ஒன்பது வருஷமாகத் தம்பட்டத்தார் சொல்லிவந்தாரே, அந்த இடது கால் செருப்பு. மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் பல் பட்ட அடையாளம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தம்பட்டத்தார் அன்று தூங்கியிருப்பார்.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதுக்கு அதிகாரி அம்மா வந்தார். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். படகுத்துறையே படகுக்குள் ஏறி நின்றது. மீன் அறையின் வாய்க்குப் பின்னால் இன்ஜின் கூண்டு மறைக்கும் என்பதால் எல்லோரும் முன் பக்கமாக நெருக்கியடித்து எட்டிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் மொட்டையண்ணன். தான் விழுந்த குழியில் இன்னொருவர் விழுவதைப் பார்ப்பதற்குச் சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தார்.

அம்மா ஏணியில் இறங்கினார், பின்னாலேயே தம்பட்டத்தார். மச்சினன் மேலே பம்பு பக்கத்தில் தயார். படிவத்தைப் பிரித்து அம்மா வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது வரி வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதைக் கடைசியில் கவனிக்கலாம் என்றார்.

"ரெண்டு கேள்வி, ஒரே சாப்பாடு. சோறு முதல் கேள்விக்கு. குழம்பு ரெண்டாவதுக்கு. உக்காருங்க."

தம்பட்டத்தார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா நீலத்தரையில் சோற்றைக் கவிழ்த்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றினார். குழம்பு குழியில் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு புறப்பட்டது. புறப்பட்டது சரி, போன திசைதான் தப்பு. ஓட்டை இருப்பது பின்னால். குழம்பு முன்னால் போனது.

தம்பட்டத்தாருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. டீசல் தொட்டி காலி, பின் பக்கம் லேசு. வலையும் கழற்றிய அடிப்பலகைகளும் ஊர்க்கூட்டமும் முன் பக்கம். போதாததற்கு மொட்டையண்ணன். படகு மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு நிற்காது என்று எழுதியவர் முன்னால் ஒரு கரண்டிக் குழம்பு குளமாக நிற்கப்போகிறது.

அவர் ஒரு பிடி சோற்றை எடுத்து, உருட்டுகிற பாவனையில் குழம்புக்குக் குறுக்கே வைத்தார். குழம்பு சுற்றிக்கொண்டு போனது. இன்னொரு பிடி வைத்தார். இப்படி ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு பிடி அணை கட்டுவதுமாக எத்தனை நேரம் சமாளிக்க முடியும்? தலையைத் தூக்கி, மேலே கூட்டத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாதா? குழம்பைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மொட்டையண்ணனைப் பார்த்தாள். யாரிடமும் இல்லாமல் பொதுவாக, படகுக்குப் பின்னால் ஒருத்தர் முடி முளைக்கிற எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறதாம் என்று சொன்னாள்.

மொட்டையண்ணன் ஓடவில்லை. ஓடினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கை வீசி, காற்று வாங்கப் போகிறவர் மாதிரி பின் பக்கம் நடந்தார். அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு அலட்சியமாக நடந்தால் ஏதோ பெரிய விஷயம் இருக்கும் என்று கூட்டமும் பின்னால் போனது. படகு மூக்கை நிமிர்த்தியது. உள்ளே குழம்பு நின்றது, திரும்பியது, தம்பட்டத்தார் கட்டிய அணைகளை எல்லாம் அடித்துக்கொண்டு பின் மூலைக்கு ஓடி ஓட்டைக்குள் விழுந்தது. அம்மா ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். அதுவும் குழம்பின் பின்னாலேயே போனது. மச்சினன் பம்பைப் போட்டான். குழம்பு கடலில் விழுந்த இடத்தில் நாலு மீன்கள் வந்து எட்டிப் பார்த்தன. சொந்தக்காரர்கள் போன வழியில் சாப்பாடு வருகிறதே என்று அவற்றுக்கு ஆச்சரியம்.

அம்மா தரையை விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டாவது கேள்விக்கு எதிரே ஒரு கோடு கிழித்தார். தேறியது.

பின் பக்கம் எண்ணெயும் இல்லை, ஆளும் இல்லை. மொட்டையண்ணன் கூட்டத்தோடு திரும்பி வந்தபோது தம்பட்டத்தார் மிச்சச் சோற்றில் ஓரமாக நாலு பருக்கை போக மற்றதைச் சாப்பிட்டு முடித்திருந்தார். அம்மா முதல் கேள்வியில் பேனாவை வைத்தார்.

"சாப்பிட்டது நீங்க. நீங்க சாப்பிட்டதால எல்லாரும் சாப்பிடலாம்னு ஆகாது. 'உரிமையாளர் மட்டும் சாப்பிடலாம்'னு எழுதறேன்."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று தம்பட்டத்தார் கேட்டார். அவர் பிடிக்கிற மீனை அவரே சாப்பிட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கடலுக்குப் போகச் சான்று கிடைக்காது என்றார் அம்மா. எழுதத் தொடங்கியும்விட்டார். மேலே மனைவி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். போனது போகட்டும், பேசி இன்னும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அர்த்தம். தம்பட்டத்தார் வாயை இறுக மூடினார். வாய் என்ன அவர் சொன்னதா கேட்கும்?

"இருந்தாலும் உப்பு கம்மி," என்றது.

அம்மா பேனாவைத் தூக்கினார்.

"அது நான் வச்ச குழம்பு."

"குழம்பு அருமை மேடம். உப்புதான் கம்மி."

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. படிவத்தின் ஓரத்தில், 'உரிமையாளரின் கூடுதல் கூற்று: உப்பு குறைவு' என்று எழுதினார். எழுதியாகிவிட்டது, கூற்று என்றால் சோதிக்க வேண்டும். ஓரத்தில் குழம்பு ஊறிக் கிடந்த நாலு பருக்கையை நீலத்தரையிலிருந்து இரண்டு விரலால் எடுத்தார், வாயில் போட்டார், மென்றார். மேலே ஒரு படகுத்துறையே கூட மென்றது.

"கம்மிதான்," என்றார்.

மச்சினன் பம்பு பக்கத்திலிருந்து தலையை நீட்டினான். "மேடம், நீங்களும் சாப்பிட்டுட்டீங்க."

அம்மா விரலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், 'உரிமையாளர் மட்டும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். பேனா அந்தரத்தில் நின்றது. முழித்தது முழித்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவர் கண், கடைசியில் கவனிக்கலாம் என்று விட்டிருந்த மூன்றாவது வரியில் விழுந்தது. முத்து முத்தான கையெழுத்து.

'என்னடா முழிக்கிற, எழுது.'

எழுதினார்.

அந்தச் சான்று கண்ணாடி போட்டு இன்ஜின் கூண்டில் மாட்டியிருக்கிறது. 'இம்மீன் அறையில் எவரும் சோறு போட்டுச் சாப்பிடலாம். உப்பு தனியாகக் கொண்டு செல்லவும்.' ஒன்றாம் தேதி படகு புறப்பட்டபோது மனைவி ஒரு பொட்டலம் உப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுற்றிலும் இருப்பதே உப்புத்தண்ணிதானே என்றார் அவர். அரசாங்கம் எழுதியிருக்கிறது, பேசாமல் கொண்டுபோங்கள் என்றாள் அவள்.

மொட்டையண்ணன் மூன்று மாதம் கழித்துப் புதுப் படிவம் கொடுத்தார். "தேடினாலும் ஒரு முடி கிடைக்காது" என்று எழுதியிருந்தார். அம்மா அறையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், ஒரே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த இடது கால் செருப்பை மனைவி வாசலில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறாள். தம்பட்டத்தார் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. அந்தச் சுறாவுக்கு வயசாகிவிட்டதாம். கடைசிக் காலத்தில் மனசு உறுத்தி, படகைத் தேடி வந்து, அதுவே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாம்.